இசைத்தட்டிலிருந்து எழுந்த இசை: மொரிஸ் தெலாஜின் பதிவு மரபும் கோயம்புத்தூர் தாயியின் குரலும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜ் (1879–1961) குறைவாக எழுதியவர். இன்று அவர் பெயரை நிலைநிறுத்துவன ‘நான்கு இந்தியக் கவிதைகள்’ என்னும் பாடல்தொகுதியும் அதன் ஒலிப்பதிவுகளுமே. ஆயின் அவருடைய இசைவாழ்வில் ‘பதிவு’ என்பது இறுதியில் வந்து சேர்ந்த ஒன்றன்று; அது தொடக்கத்திலேயே இருந்தது. இந்திய இசைத்தட்டுகளைக் கேட்டு, கேட்டதை மேலைச்சுரக்குறியீட்டில் எழுதியவர் அவர். ‘இராகமாலிகா’ என்னும் அவருடைய தமிழ்ப்பாடல் கோயம்புத்தூர் தாயி பாடிய அருட்பாத் தட்டொன்றிலிருந்து பிறந்தது. அவ்விரு படைப்புகளையும் ஒப்பிட்டு, ‘செல்வாக்கு’ என்னும் வழக்கமான திறனாய்வுச் சொல் இங்குப் போதாது என்பதையும், ‘இராகமாலிகா’வின் மெட்டுக்கு உரியவராகத் தாயியின் பெயர் பதியப்பட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மொரிஸ் தெலாஜ், கோயம்புத்தூர் தாயி, இசைத்தட்டு, அருட்பா, இராகமாலிகை, இசையாசிரியம்.

1. முன்னுரை

ஓர் இசையமைப்பாளரின் பதிவு மரபை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே திசையில் செல்வர். படைப்பு முதலில் தாளில் எழுதப்படுகிறது, பின்னர் மேடையேறுகிறது, இறுதியில் தட்டில் பதிகிறது. எந்தப் பாடகர், எந்த ஆண்டு, எந்த நிறுவனம் எனப் பட்டியலிடுவதும் ஒரு பதிவை மற்றொன்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதும் அத்தகைய ஆய்வின் பணிகளாகும். தெபுசி, ரவேல், பூலாங்க் போன்றோரைப் பற்றிய எழுத்துகள் பெரிதும் இவ்வகையின.

மொரிஸ் தெலாஜை இம்முறையில் மட்டும் அணுகினால் அவர் சிறிய உருவமாகவே தோன்றுவார். அவருடைய படைப்புகள் எண்ணிக்கையிற் குறைவு. அவற்றுள் அடிக்கடி பாடப்படுவது பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஒரு பாடல்தொகுதி. ஆனால் திசையை மாற்றிப் பார்க்கும்போது காட்சி வேறாகிறது. தெலாஜிடம் தட்டு முதலில் வருகிறது. தாள் பின்னர் வருகிறது. இந்தியாவில் பதிவான குரலும் மீட்டும் பாரிசில் அவர் மேசைக்கு வந்து சுரக்குறிகளாயின. அச்சுரக்குறிகள் மீண்டும் ஐரோப்பியக் குரல்களின் வழியே தட்டுகளாயின. இச்சுற்றின் முதற்கண்ணியில் நிற்பவர்களுள் ஒருவர் தமிழ்ப் பாடகி. அவர் பாடியது தமிழ்ப் பாட்டு. ஆகவே இது பிரெஞ்சு இசைவரலாற்றின் சிறு குறிப்பாக மட்டும் நின்றுவிடத் தக்கதன்று. தமிழிசை வரலாற்றுக்கும் உரியது.

தமிழில் ‘பதிவு’ என்னும் சொல் ஒலியைப் பதிதல், மனத்தில் பதிதல், ஏட்டில் பெயரைப் பதிதல் என மூன்றையும் குறிக்கும். தெலாஜின் கதையில் முதலிரண்டும் நிகழ்ந்தன. மூன்றாவது இன்னும் முழுமையாக நிகழவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. தெலாஜின் வாழ்வும் கேள்விப் பயிற்சியும்

1879இல் பிறந்த தெலாஜ், இசைக்கல்லூரிப் படிப்பின் வழியே வளர்ந்தவரல்லர். இளமை கடந்த பின்னரே இசையமைப்பில் முனைந்து இறங்கினார். 1902இல் அரங்கேறிய தெபுசியின் ‘பெலியாசும் மெலிசாந்தும்’ என்னும் இசைநாடகம் அவர் தலைமுறையினர் பலரை ஆட்கொண்டதுபோல் அவரையும் ஆட்கொண்டது. அக்காலத்தில் ரவேலைச் சுற்றித் திரண்ட இளங்கலைஞர் குழு ‘அப்பாஷ்’ எனப் பெயர் பெற்றது. ரிக்கார்தோ வின்யேஸ், ஃபுளோரான் ஷ்மித், எங்கெல்பிரெக்ட் ஆகியோருடன் தெலாஜும் அதில் ஒருவரானார். ரவேலின் மாணவர், நண்பருங்கூட. ரவேல் தம் ‘கண்ணாடிகள்’ என்னும் பியானோத் தொகுதியின் இறுதிப் பகுதியைத் தெலாஜுக்கே உரிமையாக்கினார்.

அவருடைய தொடக்ககாலப் படைப்பாகிய ‘கடல் சொன்ன கதை’ என்னும் பல்லியப் பாடலைத் தேசிய இசைச்சங்கம் ஏற்க மறுத்தது. அச்சங்கத்தின் இறுக்கத்தில் சலிப்புற்ற ரவேலும் நண்பர்களும் விலகித் ‘தனியுரிமை இசைச்சங்கம்’ என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்ததற்கு அம்மறுப்பும் ஒரு காரணமாயிற்று. இலக்கணம் பயின்ற கைக்குரிய ஒழுங்கு தெலாஜிடம் குறைவு என்பது அவரைக் குறைகூறியோரின் கருத்து. ஆனால் ஏட்டிலக்கணம் குறைந்த இடத்தில் செவி கூர்மை பெற்றது எனக் கொள்ள இடமுண்டு. பிற்காலத்தில் இந்திய இசையை அவர் எதிர்கொண்ட விதத்தை விளங்கிக்கொள்ள இக்கூறு துணைசெய்கிறது.

1911ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1912இல் தொடர்ந்த பயணத்தில் அவர் இந்தியாவையும் யப்பானையும் கண்டார். பிரெஞ்சு இசையாளருள் கீழைநாட்டு இசையை நாடியவர் அவர் ஒருவரே அல்லர். 1889ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் சாவக இசைக்குழுவைக் கேட்டு வியந்தவர் தெபுசி. 1909இல் இந்தியாவுக்கு வந்து, திரும்பிச் சென்றபின் ‘நினைவெழுப்பல்கள்’ என்னும் பெரும்பல்லியத்தை எழுதியவர் அல்பேர் ரூசெல். இவர்கள் ஒருமுறை கேட்டதை நினைவிலும் குறிப்பேட்டிலும் சுமந்து சென்றனர். தெலாஜிடம் இசைத்தட்டுகளும் இருந்தன. நினைவில் நிற்கும் இசை நாளடைவில் கேட்டவரின் இசையாகவே மாறிவிடும். தட்டில் நிற்கும் இசையோ ஒவ்வொரு முறையும் தன் வடிவத்தையே திருப்பிச் சொல்லும். கேட்பவரின் பிழையைத் திருத்தும். தெலாஜ் மற்றவரிடமிருந்து வேறுபடுவது இக்கருவியினாலேயே.

3. ‘நான்கு இந்தியக் கவிதைகள்’: ஊர்ப்பெயர்களும் உள்ளிருக்கும் தட்டும்

இத்தொகுதி 1912–13இல் எழுதப்பெற்றது. பெண்குரல், புல்லாங்குழல்கள், ஓபோ, கிளாரினெட்டுகள், ஹார்ப், நரம்பிசை நால்வர் ஆகியோருக்கானது. 1914 சனவரி 14 அன்று தனியுரிமை இசைச்சங்கத்தின் நிகழ்ச்சியில் ரோஸ் ஃபேயார் பாட, எங்கெல்பிரெக்ட் நடத்த அரங்கேறியது. அதே மாலையில் ரவேலின் மல்லார்மே பாடல்களும் ஸ்த்ராவின்ஸ்கியின் யப்பானியப் பாடல்களும் அரங்கேறின. யப்பானியப் பாடல்களுள் ஒன்றை ஸ்த்ராவின்ஸ்கி தெலாஜுக்கு உரிமையாக்கியிருந்தார்.

குரலும் சிறு கருவிக்குழுவும் இணையும் இம்மூன்று படைப்புகளையும் வரலாற்றாசிரியர்கள் ஷான்பெர்க்கின் ‘பியரோ லூனேர்’ என்னும் 1912ஆம் ஆண்டுப் படைப்பின் நிழலில் வைத்துப் பேசுவது வழக்கம். ரவேலுக்கும் ஸ்த்ராவின்ஸ்கிக்கும் இது பொருந்தலாம். தெலாஜைப் பொறுத்தவரை மற்றொரு முன்னோடியையும் எண்ண வேண்டும். ஒரு குரல், சில கருவிகள், மூன்று நிமிட அளவு என்பது அக்கால இசைத்தட்டின் இயல்பான வடிவமாகும்.

நான்கு பாடல்களும் ஊர்ப்பெயர்களைத் தாங்குகின்றன: மதராஸ், லாகூர், பனாரஸ், செய்ப்பூர். முதலும் இறுதியும் பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்களைப் பிரெஞ்சில் தருகின்றன. மூன்றாவது புத்தரின் பிறப்பைப் பாடுகிறது. இரண்டாவதாகிய ‘லாகூர்’ ஹைனெ என்னும் செர்மானியக் கவிஞருடையது. வடநாட்டுக் குன்றில் தனித்து நிற்கும் ஊசியிலை மரம், கீழைநாட்டுப் பனையைக் கனவு காண்பதைச் சொல்லும் சிறுபாட்டு அது.

இங்கு முதற்கண் எழும் ஐயம் தலைப்புக்கும் பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றியது. ‘மதராஸ்’ என்னும் பாட்டில் சென்னையும் இல்லை, தமிழும் இல்லை. பர்த்ருஹரியின் காதற்செய்யுளை எந்த ஊர்ப்பெயரின் கீழும் வைத்திருக்கலாம். பயணி ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் படஅட்டைபோல் ஊர்ப்பெயர் இங்குப் பணியாற்றுகிறது. கீழைநாட்டை ஒரு காட்சியாகக் குறுக்கும் அக்காலப் பொதுப்பார்வைக்கு இத்தலைப்புகள் விலக்கல்ல.

ஆயினும் ‘லாகூர்’ அப்பார்வைக்குள் முழுதும் அடங்கவில்லை. அதன் தொடக்கத்தில் செல்லோ தனித்து ஒலிக்கிறது. நரம்பை விரலால் சுண்டி, சுண்டிய ஒலி அடங்குமுன் இடக்கை விரலை இழுத்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் முறை அதில் பயில்கிறது. கருநாடக இசையில் இதனை ஜாரு என்போம். இப்பகுதி, சித்தார் மேதை இம்தாத் கான் (1848–1920) சுர்பகாரில் வாசித்துத் தட்டில் பதிவான ஆலாபனையைத் தழுவியது என்பதை அமெரிக்க இசையியலாளர் ஜான் பாஸ்லர் தட்டையும் சுரக்குறிப்பையும் ஒப்பிட்டுக் காட்டியுள்ளார். விலாயத் கானின் பாட்டனாராகிய இம்தாத் கானின் விரலசைவு பாரிசு மேடையில் ஐரோப்பியக் கருவியொன்றின் வழியே கேட்டது. பாட்டின் இறுதியில் சொற்கள் ஒழிந்து, குரல் வாய்மூடியும் திறந்தும் நெடிய இழைவுகளை மட்டும் பாடுகிறது. சொல்லின்றி இராகம் பாடும் முறையை ஐரோப்பியப் பாடகியிடம் கேட்கும் முயற்சி இது.

இவ்விடத்தில் ஹைனெயின் பாட்டைத் தெரிந்தெடுத்தது பொருள் பொதிந்ததாகிறது. இந்தியக் கவிதைகள் என்னும் தலைப்பின் கீழ் ஒரு செர்மானியப் பாட்டு வருவது பிழைபோலத் தோன்றும். ஆனால் வடக்கிலிருந்து கீழைத்திசையைக் கனவு காணும் மரம் தெலாஜின் நிலையையே சொல்கிறது. கனவு காண்பவர் தாம் என்பதை அவர் மறைக்கவில்லை. கனவுப்பாட்டின் கீழே, கனவல்லாத ஒருவரின் வாசிப்பை வைத்தார். ‘மதராஸ்’ பாட்டில் இல்லாத உண்மை ‘லாகூர்’ பாட்டில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

4. ‘இராகமாலிகா’: தமிழ்ப் பாட்டு

குரலுக்கும் பியானோவுக்கும் எழுதப்பெற்ற ‘இராகமாலிகா’ (1912–22) தெலாஜின் படைப்புகளுள் தமிழாய்வாளர் முதலிற் கவனிக்க வேண்டியது. இதில் ஊர்ப்பெயர் இல்லை. வடமொழிச் செய்யுளின் பிரெஞ்சாக்கம் இல்லை. தலைப்பு நம் இசையிலக்கணத்தின் கலைச்சொல். பாடப்படும் மொழி தமிழ். இசைவடிவம் கோயம்புத்தூர் தாயி பாடிய இராமலிங்க அடிகளின் அருட்பாத் தட்டை ஏறக்குறைய அப்படியே எழுத்தில் வடித்தது என்பது பாஸ்லர் ஆய்வின் முடிவு.

தேவதாசி மரபில் தோன்றிய தாயி (1872–1917) பழனிக்குஞ்சரம் என்னும் இயற்பெயர் உடையவர். கிராமபோன் நிறுவனம் 1902இல் கல்கத்தாவில் தன் முதல் இந்தியப் பதிவுகளைச் செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னாட்டுக் குரல்களைத் தேடியபோது முன்வந்து பாடியவர்களுள் இம்மரபுப் பெண்கள் முதன்மையானவர்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் குரல்கள் அவ்வாறே நமக்கு எஞ்சின. ஒலிவாங்கி வருமுன் நடந்த அப்பதிவுகளில் பாடுநர் ஊதுகுழல் வாய்க்கு நேராக நின்று உரத்துப் பாட வேண்டும். ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிய வேண்டும். பல மணி நேரம் விரியும் கச்சேரி இசையை இச்சிற்றளவில் செறித்துத் தருவதும் ஒரு படைப்பாற்றலே.

அக்காலச் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பா அச்சேறியது முதல், அதனை அருட்பா எனல் தகுமா என்னும் வழக்கு ஆறுமுக நாவலர் தரப்பினரால் எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவ்வழக்கின் சூடு தணியவில்லை. நா. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கமும், செய்குத்தம்பிப் பாவலர், மறைமலையடிகள் ஆகியோர் மறுபக்கமும் நின்று வாதிட்டனர். அறிஞர் மேடைகளில் அருட்பாவின் தகுதி வாதத்துக்குள்ளாகிய அதே காலத்தில், கோயிலிலும் சபையிலும் தன் இடம் கேள்விக்குள்ளாகிவந்த ஒரு மரபின் பெண், அதனைத் தட்டில் பாடினார். அத்தட்டு கடல் கடந்தது. அருட்பாவின் பரவலை ஏட்டுப் பதிப்புகளைக் கொண்டும் கண்டன நூல்களைக் கொண்டும் எழுதிவரும் நாம், இச்செவிவழிப் பரவலுக்கு உரிய இடம் தரவில்லை.

தெலாஜ் அத்தட்டை எவ்வாறு எழுதினார் என்பதைக் காண்போம். பியானோவில் சுருதி பன்னிரண்டு சம இடைவெளிகளாக நிலைநிறுத்தப்பட்டது. ஒரு சுரத்தை அசைத்துக் காட்ட அதனால் இயலாது. கமகத்தைப் பியானோவிடம் கேட்பது வீண் என்பதை உணர்ந்து, மெட்டின் அசைவை அவர் குரலிடமே விட்டார். தாளக்கருவியின் ஒலியை மட்டும் பியானோவிடம் வேண்டினார். கீழ்ஸ்தாயியில் உள்ள ஒரு பி-பிளாட் சுரத்தின் நரம்புகளுக்கடியில் அட்டைத்துண்டைச் செருகுமாறு குறிப்பு எழுதினார். அட்டை செருகிய நரம்பு நின்றொலிக்காமல் மத்தளம்போல் மொத்தென அடங்கும். நரம்புகளினிடையே பொருள்களைச் செருகிப் பியானோவை வேறொரு கருவியாக்கும் முறையை அமெரிக்கர் ஜான் கேஜ் 1940ஐ ஒட்டிப் புகழ்பெறச் செய்தார். அவருக்கு முன்னோடியாகத் தெலாஜின் இவ்வட்டைத்துண்டை இசைவரலாறுகள் சுட்டுகின்றன. தட்டில் கேட்ட ஒலிக்கு நேர்மையாக இருக்க விரும்பியதன் விளைவே அது. மேலைக் கருவியின் பெருமைக்குரிய நீண்ட ஒலியை, தமிழ்ப் பாட்டொன்றின் பொருட்டு அடக்கினார்.

5. செல்வாக்கா, படியெழுத்தா?

தெலாஜைப் பற்றிய மதிப்பீடுகள் இருவகைப்படும். கீழைத்திசைக் கவர்ச்சியில் மூழ்கிய குடியேற்றக்காலப் பயணி என்பது ஒன்று. அயலிசையை உண்மையாக மதித்த அரிய செவியினர் என்பது மற்றொன்று. முதற்கருத்து ஊர்ப்பெயர்த் தலைப்புகளுக்குப் பொருந்தும். இரண்டாவது அட்டைத்துண்டுக்குப் பொருந்தும். இவ்விரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுமே தெலாஜின் மனப்பான்மையைப் பற்றியே பேசுகின்றன. தட்டில் பாடியவரின் படைப்புரிமையைப் பற்றிப் பேசுவதில்லை.

‘இந்திய இசையின் செல்வாக்கு’ என்னும் தொடரை இங்கு ஆராய வேண்டும். செல்வாக்கு என்பது முறையாலோ நடையாலோ வருவது. தெபுசியின் பியானோவில் சாவக மணியோசை தோய்ந்திருப்பது செல்வாக்கு. ஆனால் குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட மூன்று நிமிடங்களில் பாடியதை வரிசை மாறாமல் எழுதுவது படியெழுத்து. படியெழுதுவதும் இழிந்த செயலன்று. ஏடுபெயர்த்தெழுதியோர் இல்லையேல் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்திரா. ஆனால் ஏடெழுதியவர் பெயரை நாம் நூலாசிரியர் பெயராகக் கொள்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பாட்டின் ஆசிரியர் இராமலிங்க அடிகள். இராகங்கள் மரபுக்குப் பொதுவானவை. இவற்றுள் தாயிக்கு உரியது யாது? நம் இசைமுறையை அறிந்தவர்க்கு விடை எளிது. கீர்த்தனைபோல் மெட்டோடு வந்த உருப்படியில் பாடுநரின் பங்கு ஓரளவினது. அருட்பாச் செய்யுளை விருத்தமாகவோ இராகமாலிகையாகவோ பாடும்போது நிலை வேறு. நூலாசிரியர் தருவது சொல்லும் யாப்பும். எந்த அடிக்கு எந்த இராகம், எச்சொல்லில் நின்று விரிப்பது, எங்கே பிருகா உதிர்ப்பது, ஒரு இராகத்திலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு இறங்குவது என்பன அனைத்தும் பாடுநரும் அவர் பயின்ற மரபும் தருவன. ஆகவே தெலாஜ் எழுதிய மெட்டுக்கு ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் தெரிந்த, ஆண்டுகள் தெரிந்த, குரலும் எஞ்சியுள்ள ஒரு கலைஞர். ‘மரபுவழி மெட்டு’ என்னும் பொதுக்குறிப்பு இங்குப் பொருந்தாது.

படியெழுத்தினால் நேரும் மாற்றம் ஒன்றையும் மறைத்தலாகாது. அன்று அக்கணத்தில் தோன்றிய சஞ்சாரங்கள் தாளில் ஏறியதும் மாற்றமுடியாத கட்டளைகளாகின்றன. தாயி மறுநாள் வேறு வகையில் பாடியிருக்கலாம். பாரிசுப் பாடகி அதனையே ஒவ்வொரு நாளும் பாட வேண்டும். மனோதர்மம் உருப்படியாக உறைகிறது. எனினும் இவ்வுறைதலைத் தொடங்கிவைத்தது தெலாஜின் தாளன்று; தட்டேயாகும். தட்டுகளைக் கேட்டு அப்படியே பாடம்செய்த நம் நாட்டுப் பாடகர்களுக்கும் இதே நிகழ்ந்தது. ஒலிப்பதிவு கருநாடக இசையை எவ்வாறு மாற்றியது என்னும் வினாவுக்குப் பாரிசிலிருந்து கிடைக்கும் சான்றாக ‘இராகமாலிகா’வைக் கொள்ளலாம்.

தெலாஜின் மேல் முழுப்பழியையும் சுமத்துவதும் முறையன்று. அவர் காலத்தில் பாடுநரின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. நிகழ்த்துகலைஞரின் உரிமையை ஏற்ற உரோம் உடன்படிக்கை 1961இல் உருவானது; தெலாஜ் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. மேலும் தமிழ்மொழியையும் இராகமாலிகை என்னும் பெயரையும் அவர் மாற்றாது வைத்தார். மூலத்தைத் தேடுவோர்க்கு அத்தலைப்பே வழிகாட்டியாயிற்று.

6. பதிவுகளில் தெலாஜ்

தெலாஜின் படைப்புகள் தட்டுக்குத் திரும்பிச் சென்ற வரலாறு மேற்கூறியவற்றின் தொடர்ச்சியாக அமைகிறது. ‘நான்கு இந்தியக் கவிதைகள்’ தொகுதியைப் பரந்த கேள்வியாளர் குழுவிடம் சேர்த்த பதிவுகளுள் ஜேனட் பேக்கர் மெலோஸ் குழுவினருடன் 1966இல் பாடியது முதன்மையானது. ரவேல், ஷோசோன் பாடல்களோடு அது வெளிவந்தது. டான் அப்ஷா 1991இல் வெளியிட்ட தொகுப்பில் தெலாஜ் ரவேலோடும் ஸ்த்ராவின்ஸ்கியோடும் இணைந்து வருகிறார்; 1914ஆம் ஆண்டு மாலை ஒருவகையில் மீண்டும் கூடியதெனலாம். 1990களில் அன்னே சோஃபி ஃபான் ஒட்டரும் இத்தொகுதியைப் பதிவு செய்தார். 2017இல் சபின் தெவியேல், ‘கானல்கள்’ என்னும் பொருளுடைய பெயர்கொண்ட தொகுப்பில் இப்பாடல்களைப் பாடியுள்ளார்.

இவ்விசைத்தொகுப்புகளில் தெலாஜ் யாரோடு அமர்த்தப்படுகிறார் என்பது நோக்கத்தக்கது. பேக்கரின் தட்டில் அவர் பிரெஞ்சுப் பாடல்மரபின் உறுப்பினர். அப்ஷாவின் தொகுப்பில் புதுமைநெறியாளர். தெவியேலின் தொகுப்பில் தெலிபின் ‘லாக்மே’ இசைநாடகப் பகுதிகள் அவர் அருகில் நிற்கின்றன. 1883இல் அரங்கேறிய ‘லாக்மே’ இந்தியாவைக் கதைக்களமாகக் கொண்டது. அதன் இசை பாரிசு நாடகமேடையின் மரபிற் பிறந்தது. இம்தாத் கானின் ஆலாபனையைக் கேட்டு எழுதிய இசையையும் அதனையும் ஒரே கீழைத்திசைக் கனவின் இரு துண்டுகளாக அடுக்கும்போது, கேட்டெழுதியதற்கும் கற்பித்தெழுதியதற்கும் உள்ள வேறுபாடு மறைகிறது. பாடல்திறனில் குறைகாண இயலாத அத்தொகுப்பின் சட்டகம் பற்றிய குறை இது.

குரல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘லாகூர்’ பாட்டின் இறுதி இழைவை மேலைப் பாடகியர் பெரும்பாலும் சீரான அதிர்வோடு, மென்மையாக, கனவுபோலப் பாடுவர். அப்பாட்டின் பின்னணியில் உள்ள தட்டுகளின் இசையோ கனவுத்தன்மை உடையதன்று; நரம்பின் ஒவ்வொரு இழுப்பும் திருத்தமான அளவுடையது. மூலத்தட்டைக் கேட்டபின் பாடும் ஒருவர் அவ்விழைவை வேறு வகையில் பாடக்கூடும். சுரக்குறிப்பு மட்டுமே மூலம் என்று கொள்ளும் மேலை நடைமுறையில் இவ்வாய்ப்பு நழுவிவிடுகிறது.

‘இராகமாலிகா’வோ ‘நான்கு இந்தியக் கவிதைகள்’ அளவுக்குப் பாடப்படுவதில்லை. பிரெஞ்சில் பாடும் இந்தியா பலமுறை பதிவாக, தமிழில் பாடும் ‘இராகமாலிகா’ ஓரத்தில் நிற்கிறது. மொழி அதற்கு ஒரு காரணமாகலாம். தமிழ் ஒலிப்பை அறிந்த பாடகர் அதனை எடுத்துப் பாடினால், ரகர றகர வேறுபாடும் ழகரமும் உரிய இடம்பெற்று, சுரக்குறிப்பில் ஒளிந்துள்ள தாயியின் உச்சரிப்பு ஓரளவு மீளும்.

7. தமிழாய்வுக்குரிய பணிகள்

இவ்வொப்பீட்டிலிருந்து மூன்று பணிகள் எழுகின்றன. முதலாவது, தாயியின் அருட்பாத் தட்டுகளைத் தொகுத்து, எத்திருமுறையின் எப்பாடல்கள், எவ்விராகங்களில் பாடப்பட்டன எனப் பட்டியலிடுதல். அருட்பாப் பதிப்பு வரலாற்றை அறிந்தவரும் இசையறிந்தவரும் கூடிச் செய்ய வேண்டிய பணி இது. தட்டில் பாடப்பட்ட பாடவடிவம் அச்சுப்பதிப்புகளோடு எங்கெங்கு வேறுபடுகிறது என்பதும் அதனால் விளங்கும்.

இரண்டாவது, தட்டையும் தெலாஜின் சுரக்குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டல். பாஸ்லரின் ஒப்பீடு மேலை இசையியலின் நோக்கில் அமைந்தது. எந்தக் கமகம் அழகுச்சுரமாகச் சுருங்கியது, எது முற்றும் விடுபட்டது, எது வியப்பூட்டும் அளவுக்குச் சரியாகப் பிடிபட்டது என்பதைக் கருநாடக இசையில் பழகிய செவியே முழுமையாகச் சொல்ல முடியும்.

மூன்றாவது பெயரைப் பற்றியது. நூலகப் பட்டியல்களிலும் இசைத்தொகுப்புகளிலும் இசையமைப்பாளர் என்னும் இடத்தில் தெலாஜின் பெயர் வருகிறது. அதனை நீக்க வேண்டுவதில்லை. சொல் இராமலிங்க அடிகள், மெட்டு கோயம்புத்தூர் தாயி, பியானோ அமைப்பும் சுரக்குறிப்பும் மொரிஸ் தெலாஜ் என மூவர் பெயரும் நிற்பதே உண்மைக்குப் பொருந்தும். நிகழ்ச்சி நிரலிலும் பாடத்திட்டத்திலும் நாம் இவ்வாறு எழுதத் தொடங்கலாம். அதற்கு எவருடைய இசைவும் தேவையில்லை.

8. முடிவுரை

தெலாஜ் பெரும் எண்ணிக்கையில் எழுதியவர் அல்லர். ஆயின் கூர்ந்து கேட்டவர். ‘நான்கு இந்தியக் கவிதைகள்’ தொகுதியில் கேள்வியும் காட்சியும் கலந்துள்ளன. ஊர்ப்பெயர்கள் காட்சிக்கு உரியன. செல்லோவின் இழைவு கேள்விக்கு உரியது. ‘இராகமாலிகா’வில் காட்சி நீங்கிக் கேள்வி மட்டும் எஞ்சுகிறது. அதனால் அதுவே அவருடைய நேர்மையான படைப்பு எனலாம். அந்நேர்மையின் முழுப்பொருளும் விளங்க, அவர் யாரைக் கேட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தாயி 1917இல் தம் நாற்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார். அவர் குரல் பதிந்த தட்டு, ஒரு பியானோவின் நரம்புக்கடியில் அட்டையைச் செருக வைத்தது. பிரெஞ்சு இசைவரலாறு அவ்வட்டையை நினைவில் வைத்திருக்கிறது. குரலுக்குரியவரின் பெயரை அதனருகில் எழுதும் பொறுப்பு தமிழிசை ஆய்வுக்கு உரியது.